வாளி நடை

ஜெயக்கொடியின் மாவுக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு ரயில்வே லைன் பக்கம் இறங்கும் தெருவில், இரண்டு கிரைண்டர், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு தராசு. காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கினால் பத்து மணிக்குள் இட்லி மாவு தீர்ந்துவிடும். அந்த ஷட்டரைப் பிடித்து இழுக்க மற்றவர்களுக்குக் கொக்கி வேண்டும். ஜெயக்கொடிக்குக் கையே போதும், அத்தனை உயரம். ஐம்பத்தாறு வயதில் முதுகு வளையவில்லை. விரல் முட்டிகளில் மட்டும் சின்னச் சின்ன வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். புதிதாகக் குடிவந்த பெண்கள் யாராவது, "அம்மை போட்டுச்சா ஆண்ட்டி?" என்று கேட்டால், "இல்லம்மா, கம்பெனி போட்டது" என்பாள்.

கம்பெனி என்றால் அந்தப் பக்கத்தில் ஒன்றுதான். சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் ரிம்முக்கும் பளபளவென்று குரோம் முலாம் பூசி அனுப்பிய இடம். ஜெயக்கொடி இருபத்தோரு வயதில் உள்ளே போனாள். பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் கேட்டில் பூட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். அதற்கப்புறம் பதினோரு ஏக்கரும் சீமைக் கருவேலம் முளைத்துக் கிடந்தது. போன வருஷம் மரத்தையும் ஷெட்டையும் வழித்துத் தள்ளிவிட்டு, காம்பவுண்டு சுவரில் பெரிய படம் மாட்டினார்கள். நானூற்று எண்பது வீடு. பாதி பில்டர் விற்பது. பாதி, வாடகைக்கு இருக்கும் ஏழைப்பட்டவர்களுக்கு அரசு ஒதுக்குவது. குலுக்கலில் ஜெயக்கொடியின் பெயர் வந்தது. சி பிளாக், தரைத்தளம், நான்காம் எண்.

முப்பது வருஷத்தில் ஒன்பது வாடகை வீடு மாறியவள் அவள். ஒதுக்கீட்டுச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபிரிட்ஜ் தலைமேல் வைத்தாள். புருஷன் துரைராஜ் கூடுவாஞ்சேரிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒவ்வொரு சவாரி முடிந்து வரும்போதும் அந்த உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

சுவரில் இருந்த படத்தை ஜெயக்கொடி நின்று பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சி பிளாக்குக்கு நேர் எதிரே பச்சை வர்ணத்தில் சிறுவர் பூங்கா, பக்கத்தில் அங்கன்வாடி. சறுக்குமரத்தில் ஒரு குழந்தை சறுக்குவது போலப் போட்டிருந்தார்கள். பின்சுவர் எங்கே, ரயில்வே லைன் எங்கே, முலாம் போட்ட பிளேட்டிங் ஷெட் எங்கே இருந்தது என்று மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். அந்தக் குழந்தை சறுக்கி வந்து விழுகிற இடம் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முலாம் தொட்டிகளின் அடியில் படியும் மஞ்சள் சேற்றை வாரத்துக்கு மூன்று நாள் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டியது அவளும் கூட வேலை பார்த்த பொன்னியும்தான். கொட்டிய இடம்தான் அது.

மகள் வினிதா சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டேட்டா என்ட்ரி பார்க்கிறாள். லீவு போட்டு அம்மாவுடன் வார்டு ஆபீஸுக்கு வந்து, பார்வைக்கு வைத்திருந்த மண் ஆய்வு அறிக்கையைப் புரட்டினாள். நாற்பதாம் பக்கத்தில் விரலை வைத்து வாசித்தாள். "வளாகத்தில் கழிவுக் குழி ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. பயன்பாட்டில் இல்லாத பழைய கிணறு ஒன்று மூடப்பட்டுள்ளது. தகவல், முன்னாள் காவலாளி."

"முன்னாள் காவலாளின்னா எத்திராஜண்ணனா?" என்றாள் ஜெயக்கொடி.

நேரே அவர் வீட்டுக்குப் போனார்கள். எத்திராஜ் அந்த ஊர்க்காரர். கம்பெனி வருவதற்கு முன்னால் அந்தப் பதினோரு ஏக்கரும் அவர் அப்பா நெல் போட்ட நிலம். நிலத்தை விற்றபின் அதே நிலத்தின் கேட்டில் இருபத்திரண்டு வருஷம் வாட்ச்மேனாக உட்கார்ந்தவர். இப்போது எழுபத்து மூன்று வயது.

"ஆமா, கோட்டுப் போட்ட பையன் ஒருத்தன் வந்தான்," என்றார். "குழி எதுனா இருந்திச்சான்னு கேட்டான். குழியெல்லாம் ஒன்னும் இல்லப்பா, எங்க கெணறு ஒன்னு இருந்திச்சு, மூடிட்டாங்கன்னு சொன்னேன். நெஜம்தானே?"

"நாங்க பத்தொம்போது வருசம் கொட்டுனது எதுலண்ணா?"

"கெணத்துல."

"அப்போ அது இன்னா?"

வினிதா வாயைத் திறக்கப் போனாள்; ஜெயக்கொடி அவள் கையை அமுக்கினாள். கம்பெனியில் யாருமே அதைக் குழி என்று சொன்னதில்லை. மேஸ்திரி முதல் எல்லோருக்கும் 'கிணறு'தான். "கிணத்துக்குப் போய்ட்டு வந்துட்டீங்களா" என்றுதான் கேட்பார்கள். அதில் தண்ணீர் இருந்ததைப் பார்த்தவர் எத்திராஜ் ஒருவரே.

"எங்கப்பா வெட்டினது ஜெயா. அத்தப் போய் குழின்னு சொல்ல எனக்கு வாய் வர்ல," என்றார் கடைசியில்.

"எடம் காட்டுவியாண்ணா?"

அவர் கையை நீட்டி, "அந்தாண்ட, வேப்பமரத்துக்குப் பின்னால" என்றார். வேப்பமரம் போய் ஒரு வருஷமாகிறது. "கேட்டு தாண்டி நான் உள்ள போனதே இல்ல. போகப் பிடிக்கல."

கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காலை பதினோரு மணிக்கே நாற்காலி போதவில்லை. மேடையில் வீட்டு வசதி வாரியத்து அதிகாரி தேவதர்ஷினி, நாற்பதுக்கு உட்பட்ட பெண், கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்தில் பில்டரின் சைட் இன்ஜினியர் மோகன்ராஜ். கீழே இடப்பக்கம் பூராவும் குலுக்கலில் வீடு விழுந்த சீட்டுக்காரர்கள். வலப்பக்கம் பக்கத்து அடுக்குமாடியின் குடியிருப்போர் சங்கம்; அதன் செயலாளர் தோத்தாத்ரி, பாங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தினமும் ஜெயக்கொடியிடம் ஒரு கிலோ மாவு வாங்குகிறவர்.

தோத்தாத்ரி முதலில் எழுந்தார். "நாங்க யாருக்கும் விரோதி இல்லை மேடம். ஆனா நானூத்தி எண்பது குடும்பத்துக்குத் தண்ணி எங்கேருந்து வரும்? இப்பவே வாரத்துக்கு ரெண்டு லாரி வாங்கறோம். தெருவோட அகலம் இருபது அடி. ஒரு ஆம்புலன்ஸ் உள்ள வந்தா வெளிய போக முடியாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல், "நீங்க வரும்போது மட்டும் ரோடு நூறடி இருந்திச்சா சார்?" என்றது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மோகன்ராஜ் மைக்கை வாங்கி, "சார், இது வயல் கிடையாது, ஏரி கிடையாது. ஏற்கெனவே கட்டடம் இருந்த நிலம். சும்மா கெடக்குற எடத்துல வீடு வர்றது நல்லதுதானே?" என்றார். சீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். ஜெயக்கொடியும் தட்டினாள். தட்டிவிட்டு எழுந்தாள்.

"மேடம், நாப்பதாவது பக்கத்துல கிணறுன்னு போட்டுக்கீதே, அது தண்ணிக் கிணறு இல்ல. பிளேட்டிங் சேறு கொட்டுன கிணறு. கொட்டுனது நான். அதுக்கு மேலதான் அங்கன்வாடி வருது."

முதலில் பிடித்துக்கொண்டது வலப்பக்கம். "பாயின்ட்," என்றார் தோத்தாத்ரி. "இது ஒண்ணு போதும். மொத்தத்தையும் நிறுத்தணும்."

"நான் நிறுத்தச் சொல்லல சார். எனக்கும் அங்க வூடு வந்துகீது. உங்க பிளாட்டே எத்திராஜண்ணன் சித்தப்பா வயல்தான். நான் யாரையாவது போன்னு சொன்னேனா?" மேடைப் பக்கம் திரும்பினாள். "தோண்டி எடுத்துட்டுக் கட்டுங்கன்றேன் மேடம். அவ்ளோதான்."

இடப்பக்கம் நாலாவது வரிசையில் பொன்னி இருந்தாள். அவள் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

மோகன்ராஜ் பொறுமையாகத்தான் பேசினார். பதினெட்டு இடத்தில் மண் எடுத்துச் சோதித்தாயிற்று, எல்லாம் சுத்தம், ஞாபகத்தை நம்பி ஒரு திட்டத்தைத் தாமதப்படுத்த முடியாது என்றார். தேவதர்ஷினி பேனாவை மூடித் திறந்தாள்.

"எந்த இடம்னு காட்ட முடியுமாம்மா?"

"முடியும் மேடம். ஷெட் வாசப்படி இன்னும் கெடக்குது. அங்கேருந்து நாப்பது நடை நேரா. வேப்பமரத்தண்ட இடக்கைப் பக்கம் திரும்பி எழுபத்திரண்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை வேடிக்கை பார்க்க ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். ஜெயக்கொடி கருங்கல் படியில் நின்று, புடவையைச் செருகிக்கொண்டு, வாய்விட்டு எண்ணி நடந்தாள். நாற்பதில் திரும்பினாள். எழுபத்திரண்டில் நின்று காலால் தேய்த்துக் காட்டினாள். ஜே.சி.பி. நாலடி தோண்டியது. செம்மண். எட்டடி. செம்மண், அப்புறம் கூழாங்கல். சுத்தமான மண்ணின் ஈர வாசனை வந்தது.

"நல்ல மண்ணு," என்றார் மோகன்ராஜ். குத்தலாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் சுருக்கென்றது.

கூட்டத்தில் ஒருத்தி, "மாவு அரைக்கிற மாதிரி நெனச்சிகினா போல" என்றாள். இன்னொருத்தி, "சங்கத்துக்காரங்க இன்னா குடுத்தாங்களோ" என்றாள். அதற்கு மட்டும் ஜெயக்கொடி திரும்பி, "சங்கத்து அய்யரு ஒரு கிலோ மாவுக்குக் குடுப்பாரு, வேற ஒன்னும் குடுக்க மாட்டாரு" என்றாள்.

தேவதர்ஷினி போகும்போது பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள். "புதன்கிழமை ஃபைல் மேல போகுது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்கிட்டதான் இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் துரைராஜ், "உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?" என்று ஆரம்பித்தார். "வூடு வருதா, போய்ப் படுத்தோமான்னு இல்லாம. நாளைக்கு கோவத்துல சீட்டக் கேன்சல் பண்ணிட்டான்னா?"

"பண்ணட்டும்."

"பண்ணட்டுமா? எட்டு வூடு சாமான நான்தான் ஆட்டோல ஏத்துனேன்."

"ஒம்போது. தரைத்தளம் குடுத்துக்கீறாங்கய்யா. ஜன்னலத் தொறந்தா அந்த எடம். நான் கொட்டுனதப் பாத்துகினே நான் சோறு தின்னணுமா?"

துரைராஜ் ஃபிரிட்ஜ் மேலிருந்த உறையை ஒரு தரம் பார்த்தார். தண்ணீர் குடிக்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை அரிசி ஊறவைத்தபோதுதான் அது உறைத்தது. ஊறின அரிசிப் பாத்திரத்தைத் தூக்கி கிரைண்டர் வரை நாலு எட்டு வைத்தாள். வெறுங்கையோடு நடந்தால் அது மூன்று எட்டு. கனம் தூக்கினால் கால் குறுகுகிறது. பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தாள்.

சேறு அள்ளியது தனியாக இல்லை. நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, இரண்டு பக்கம் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருப்பார்கள். அதற்குப் பெயர் வாளி. ஆளுக்கொரு பக்கம். நடை தப்பினால் சேறு தளும்பிக் காலில் தெறிக்கும். தெறித்த இடம் வெந்துபோகும். அதனால் ஒருத்தி எண்ண வேண்டும், மற்றவள் அந்த எண்ணுக்குக் கால் வைக்க வேண்டும். வாளி நடை என்பார்கள். எண்ணுவது எப்போதும் பொன்னி. ஜெயக்கொடி வழியெல்லாம் ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவாள். பொன்னி அவள் தோளுக்கு வருவாள், அவ்வளவுதான் உயரம். பொன்னியின் எட்டுதான் வாளியின் எட்டு. வெள்ளிக்கிழமை ஜெயக்கொடி வெறுங்கையோடு, தன் காலில், தன் நீளத்துக்கு நடந்திருக்கிறாள்.

பொன்னி கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். கம்பெனி மூடியதும் பிறந்த வீட்டு வழக்கத்துக்கே திரும்பி, ஸ்டேஷன் பக்கம் மீன் விற்கிறாள். ஞாயிறு காலை வியாபாரம் முடிகிற நேரமாகப் பார்த்து ஜெயக்கொடி போனாள். பொன்னி சங்கரா மீனை அலசிக்கொண்டிருந்தாள்.

"வராதக்கா. நீ எதுக்கு வந்தன்னு தெரியும். அந்தச் சீட்டுக்கு நான் ஆறு தபா ஆபீஸ் ஏறி எறங்கினேன்."

"நான் ஒன்னும் கேக்கலியே."

"கேக்காத. தோண்டுனா சேறு வரும். சேறு வந்தா அந்த சங்கத்து ஆளு கோர்ட்டுக்குப் போவான். கோர்ட்டுக்குப் போனா எம் பேரன் கல்யாணத்துக்குத்தான் வூடு வரும்."

ஜெயக்கொடி மீன் கூடை ஓரத்தில் குந்தினாள். பொன்னி சொன்னது நடக்கக்கூடியதுதான். அதற்குள் கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்து, வஞ்சிரம் நேற்றையதா இன்றையதா என்று கேட்டாள். பொன்னி செவுளைத் தூக்கி சிவப்பைக் காட்டினாள், கண்ணை அமுக்கிக் காட்டினாள். அந்தப் பெண் குனிந்து முகர்ந்துவிட்டு, "ம், ஃப்ரெஷ்தான்" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

பொன்னி கத்தியைத் துடைத்தாள். "எங்கம்மா, கூடை பத்தடி தள்ளி வந்தாலே மோந்தே சொல்லிடும், எந்தக் கடல் மீனு, எத்தினி மணிக்கு ஏத்துனதுன்னு. நான் மூணு வருசம் அழுகுன மீன வாங்கி ஏமாந்து அப்புறம்தான் செவுளு பாக்கக் கத்துகினேன். டாக்டரு மூக்குக்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு, நடுவுல ஓட்டைன்னான். கம்பெனில இன்னா வேலன்னு கேட்டான்." கத்தியைக் கூடைக்குள் போட்டாள். "எத்தினி அடி தள்ளிப் போய்ட்ட?"

"தெர்லடி. நீதான சொல்லணும்."

"ஒட்டகம் மாதிரி வீசி நடந்திருப்ப. வெறும் வாளியில நட வராது. தண்ணி ரொப்பணும். விளிம்பு வரைக்கும்."

செவ்வாய்க்கிழமை காலை, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குறைந்திருந்தார்கள். காயலான் கடையில் வாங்கிய நீல டிரம்மை துரைராஜ்தான் பாதியாக அறுத்துக் கொண்டுவந்தார். வந்தது மட்டுமல்ல, சவாரியை விட்டுவிட்டு நின்றார். எத்திராஜும் முதல் முறையாக கேட்டைத் தாண்டி உள்ளே வந்து ஓரமாக நின்றார். வாளியில் தண்ணீர் நிரப்பினார்கள். மோகன்ராஜ் ஏதோ சொல்ல வந்தார். தேவதர்ஷினி கையைக் காட்டி நிறுத்தினாள்.

கயிற்றைப் பிடித்ததும் பொன்னி சொன்னாள். "பேசிகினே வா. நீ கம்முனு வந்தா எனக்குக் கால் தடுமாறும்."

"இன்னாடி பேசுறது?"

"மேஸ்திரி சம்சாரம் கதையச் சொல்லு."

பதினாறு வருஷம் கழித்து மேஸ்திரி சம்சாரத்தின் கதை அந்த வெட்டவெளியில் மறுபடி நடந்தது. பொன்னி ஒன்று, இரண்டு என்று மூச்சோடு எண்ணினாள். ஜெயக்கொடியின் நீண்ட கால்கள் மெல்ல மெல்லக் குறுகின. நாற்பதில், அங்கே மரமே இல்லாதபோதும், இருவரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்து இடப்பக்கம் திரும்பினார்கள். தாழ்ந்த கிளைக்குக் குனிந்த பழக்கம் அது. தேவதர்ஷினி அதைப் பார்த்தாள். எழுபத்திரண்டில் வாளி இறங்கியது. ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பள்ளம் நாற்பது அடிக்கு அப்பால் கிடந்தது.

ஐந்தடியில் ஜே.சி.பி.யின் பல் எதிலோ கறமுறவென்று உரசியது. வளைவாகக் கட்டிய செங்கல். ஏழடியில் மண் நிறம் மாறியது. மஞ்சளும் பச்சையும் கலந்து, ஈரத்தில் மினுமினுத்தது. நின்றவர்கள் முந்தானையாலும் கர்ச்சீப்பாலும் மூக்கை மூடினார்கள். பொன்னி மட்டும் மூடவில்லை.

"நாறுதாக்கா?" என்று கேட்டாள்.

"நாறுது."

மோகன்ராஜ் குனிந்து பார்த்தார், பின்வாங்கினார், டிரைவரிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். தேவதர்ஷினி ஃபைலை ஜீப் பானெட்டில் வைத்து, கிணறு என்ற சொல்லை அடித்துவிட்டு, கழிவுக் குழி என்று எழுதினாள்.

"எழுதுனதப் படிங்க மேடம்," என்றாள் ஜெயக்கொடி. தேவதர்ஷினி படித்தாள்.

எத்திராஜ் ஓரத்திலிருந்து வந்தார். "குழின்னா எத்தினி அடி தோண்டுவீங்க?"

"சாதாரணமா பத்தடி, பன்னெண்டு அடி எடுப்போம்," என்றார் மோகன்ராஜ்.

"அது குழி இல்லப்பா. கெணறு. முப்பத்திரண்டு அடி. அடியில பாறை. எங்கப்பா பாறை வந்த அப்புறம்தான் நிறுத்துனாரு."

ஜெயக்கொடி அவரைப் பார்த்தாள். வார்த்தையை மாற்றத்தான் இத்தனை நாள் அலைந்தாள். மாற்றிய வார்த்தையால் தோண்டுவது பாதியில் நின்றுவிடும் போலிருந்தது. "மேடம், ரெண்டையும் எழுதுங்க," என்றாள். "கழிவு கொட்டுன கிணறு. ஆழம் முப்பத்திரண்டு அடி. பாறை வரைக்கும்."

தேவதர்ஷினி இரண்டாவது முறையும் அடித்தாள். புதிதாக எழுதியதைக் கேட்காமலே உரக்கப் படித்தாள்.

தோத்தாத்ரி மறுநாள் மாவு வாங்க வந்தபோது கையில் ஒரு காகிதமும் கொண்டுவந்தார். மொத்தத் திட்டத்துக்கும் தடை கேட்கும் மனு. முதல் கையெழுத்து ஜெயக்கொடியுடையதாக இருந்தால் கேஸ் கோர்ட்டில் நிற்கும் என்றார். அவள் மாவை எடை போட்டுக் கட்டினாள்.

"உங்க போர்த் தண்ணியையும் டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுதுங்க சார், இப்பவே போடறேன். கெணத்துல கொட்டுனது உங்க பக்கமும் வந்திருக்கும். வூடு வரக் கூடாதுன்னு எழுதுனா போட மாட்டேன்."

தோத்தாத்ரி மாவை வாங்கிக்கொண்டு, காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். நாலாம் நாள் வேறு மனு வந்தது. தண்ணீரைப் பற்றி மட்டும். கையெழுத்துப் போட்டாள்.

சி பிளாக் வேலை நின்றிருக்கிறது. மற்ற பிளாக்குகளுக்கு அஸ்திவாரம் எழும்பிவிட்டது. சீட்டு ரத்தாகவில்லை, 'நிறுத்தி வைப்பு' என்று ஒரு கடிதம் வந்தது. துரைராஜ் அதையும் அதே உறைக்குள் போட்டு வைத்தார். கடைக்கு வருகிற சீட்டுக்காரப் பெண்களில் இரண்டு பேர் இன்னும் ஜெயக்கொடியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாவு மட்டும் வாங்கிப் போகிறார்கள். அவளும் எடை குறைக்காமல் போடுகிறாள்.

மூடிபோட்ட லாரிகளில் சேறு போய்க்கொண்டிருந்த நாலாவது வாரம் மோகன்ராஜ் போன் செய்தார். பதினெட்டு அடியில் நல்ல மண் வந்துவிட்டது, இத்தோடு மூடலாம் என்றார். ஜெயக்கொடி ஷட்டரை இறக்கிவிட்டு, வழியில் பொன்னியையும் எத்திராஜையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். பள்ளத்தின் விளிம்பில், கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம், மூன்று பேரும் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"இது நடுவுல நாத்தத்த மூடக் கொட்டுன மண்ணு," என்றாள் பொன்னி. "ஒரு வருசம் லாரில வந்து கொட்டுனான், அதுக்கு மேல மறுபடி நாங்க சேறு கொட்டுனோம். இதுக்குக் கீழதான் பழசு."

மோகன்ராஜ் ஹெல்மெட்டைக் கழற்றினார். "எத்தினி நாளைக்கும்மா?"

"பாறை வரைக்கும் சார்," என்றாள் ஜெயக்கொடி. கூடவே கொண்டுவந்திருந்த பழைய மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டு எத்திராஜை அதில் உட்கார வைத்தாள். "அண்ணன் பாறையப் பாத்துட்டு சொல்வாரு. நீங்க ஓட்டச் சொல்லுங்க."

ஜே.சி.பி. மறுபடி உறுமியது.